மெஷினுக்குச் சந்தனக்காப்பு

போன வருஷத்துக்கு முந்தின வருஷம், ஆயுத பூஜை விடுமுறை முடிந்து வேலை தொடங்கிய முதல் நாள். இடம், ஒரகடத்திலிருந்து படப்பை போகிற பக்கம், சேரப்பணஞ்சேரியை ஒட்டியிருக்கும் என்னுடைய ஷெட். ஷெட் என்று நான் அடக்கமாகச் சொல்கிறேன். வந்து பார்த்தவர்கள் கம்பெனி என்றுதான் சொல்வார்கள். வாசலில் செக்யூரிட்டி, உள்ளே கார் சீட்டுக்கு அடியில் வரும் இரும்புத் துண்டுகளை அடித்துத் தள்ளுகிற பிரஸ் மெஷின்கள், கண்ணாடி போட்ட ஏ.சி. ஆபீஸ் எல்லாம் உண்டு. எட்டாங்கிளாஸோடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டவன் நான். இன்றைக்கு என்னிடம் ஒரு இன்ஜினியர் வேலை பார்க்கிறார். யாரிடம் பேச ஆரம்பித்தாலும் ஐந்து நிமிஷத்துக்குள் இதைச் சொல்லிவிடுவது என் வழக்கம். உங்களிடமும் சொல்லிவிட்டேன்.

பூஜைக்கு முந்தின வாரம் ஒரு இன்ஜினியரிங் காலேஜிலிருந்து புரொபசர் ஒருவர் போன் செய்தார். முதல் வருஷப் பிள்ளைகள் இன்ஜினியரிங் என்றால் என்ன, படித்து முடித்தால் என்ன வேலை என்று ஒன்றுமே தெரியாமல் வந்து சேர்ந்துவிடுகிறார்கள், நேரில் ஒரு தொழிற்சாலையைக் காட்டி, தொழில் தெரிந்த ஒருவர் நாலு வார்த்தை பேசினால் நன்றாக இருக்கும், பெரிய கம்பெனிகளில் எங்கேயும் உள்ளே விட மாட்டேன் என்கிறார்கள், அதனால்தான் உங்களை... என்று இழுத்தார். அவர் முடிப்பதற்குள் சரி என்று சொல்லிவிட்டேன். தொழில் தெரிந்த ஒருவர் என்பது வரைக்கும்தான் என் காதில் விழுந்தது.

என் இன்ஜினியர் தம்பிக்கு இது பிடிக்கவில்லை. "ஐயா, பூஜை முடிஞ்சு தொறக்கற அன்னிக்குத்தான் சாம்பிள் பாக்க வர்றாங்க. வேற நாள் குடுக்கலாமே" என்றார்.

அவர் சொன்னதில் நியாயம் இருந்தது. அந்தச் சாம்பிள் சாதாரண சாம்பிள் இல்லை. கார் சீட் செய்கிற ஒரு பெரிய கம்பெனி, சீட்டைத் தாங்குகிற புது பிராக்கெட் ஒன்றை வெளியில் செய்யக் கொடுக்கப் போகிறது. இரண்டு பேரைப் பார்த்து வைத்திருந்தார்கள். ஒன்று நான், இன்னொருவர் மறைமலை நகர்க்காரர். பூஜை முடிந்து திறக்கிற அன்றைக்கு மதியம் அவர்கள் ஆட்கள் வருவார்கள். நல்ல சாம்பிள் என் மேஜைமேல் இருந்தால் வேலை எனக்கு. இல்லாவிட்டால் வந்த கார் அப்படியே மறைமலை நகருக்குத் திரும்பிவிடும். அந்த வேலையை நம்பி நான் புது பிரஸ் ஒன்றை வாங்கிப் போட்டுவிட்டேன். அதை ஓட்ட மதுரைப் பக்கத்துப் பையன்கள் சிலரைப் புதிதாக எடுத்து, ரூம் பிடித்துக் கொடுத்து உட்கார வைத்திருந்தேன். வேலை கைவிட்டுப் போனால் மெஷினை நிறுத்தி வைக்கலாம். பையன்களை என்ன செய்வது? ஊருக்கு பஸ் ஏற்றிவிட வேண்டியதுதான்.

"அப்படின்னா பூஜைக்கு முன்னாடியே சாம்பிளை அடிச்சு வச்சுடலாம் ஐயா" என்றார் தம்பி.

"பூஜை போட்ட கையோட மொதல் பீஸ் அடிக்கறதுதான்பா ராசி. நான் இந்த லைனுக்கு வந்ததுலேருந்து அப்படித்தான். உனக்கு இன்னா தெரியும்?" என்றேன். அவர் பேசாமல் போய்விட்டார். பேசாமல் போவது அவருக்கு நன்றாக வரும். அதுவும் நான் கற்றுக்கொடுத்ததுதான் என்று பிறகு தெரிந்தது.

பூஜை நாளைப் பற்றிச் சொல்லாமல் மேலே போக முடியாது. என் ஷெட்டில் மெஷினுக்குப் பொட்டு வைப்பது நான் மட்டும்தான். லேத்துக்கு ஒன்று, ட்ரில்லிங் மெஷினுக்கு ஒன்று, தண்ணீர் மோட்டாருக்கு ஒன்று என்று வரிசையாக வைத்துக்கொண்டே போவேன். புது பிரஸ்ஸுக்குத் தனி கவனிப்பு. டையை, அதாவது தகடு வந்து உட்கார்ந்து அடி வாங்குகிற அந்த இரும்பு அச்சை, கழற்றி எடுத்துத் துடைத்து, மஞ்சள் தடவி, மறுபடி மாட்டச் சொன்னேன். அதற்குமேல், அந்த மெஷினின் வாய்க்கு இரண்டு பக்கமும் நிற்கிற இரண்டு மஞ்சள் கம்பங்கள். சென்சார் கம்பம் என்போம். ஒன்றிலிருந்து இன்னொன்றுக்குக் கண்ணுக்குத் தெரியாத வெளிச்சம் ஓடிக்கொண்டே இருக்கும். நடுவில் கை போனால் மெஷின் இறங்காது. நான் தொழில் பழகிய பழைய பிரஸ்ஸில் இந்தக் கம்பம் கிடையாது. என் வலது கை ஆள்காட்டி விரலின் நுனியும் இப்போது என்னிடம் கிடையாது.

அதனால் அந்தக் கம்பங்களைப் பார்த்தாலே எனக்குக் கையெடுத்துக் கும்பிடத் தோன்றும். அந்த மொட்டை விரலாலேயே சந்தனத்தை அள்ளி, இரண்டு கம்பத்திலும் மேலிருந்து கீழ்வரை பட்டை பட்டையாகப் பூசி, பட்டைக்குப் பட்டை குங்குமம் வைத்தேன். கம்பத்தின் உள்பக்கத்தில் கண்ணாடி மாதிரி பளபளவென்று ஒரு கோடு ஓடும். சந்தனம் அங்கேதான் எடுப்பாகத் தெரிந்தது. எங்கள் வாசல் பிள்ளையாருக்குக்கூட நான் அவ்வளவு சந்தனம் செலவழித்ததில்லை.

அதற்கு முந்தின வருஷம் நடந்ததையும் சொல்லிவிடுகிறேன். அளவு பார்க்கிற கடிகாரம் மாதிரி ஒரு கருவி உண்டு. அதன் முகத்தில் நான் வைத்த பொட்டை தம்பி மறுநாளே துடைத்துவிட்டார். முள் தெரியவில்லையாம். "படிச்ச திமிரா? சாமிக்கு வச்சதை அழிக்கிறியா? நான் வச்ச பொட்டுல இனிமே எவனாவது கை வச்சான், அவ்ளோதான்!" என்று ஷெட்டே அதிரக் கத்தினேன். அதிலிருந்து எங்களிடம் பொட்டு தானாக உதிர்ந்தால்தான் உண்டு.

சரி, அன்றைக்கு வருவோம். காலையில் காலேஜ் பஸ் வந்து நின்றது. பிள்ளைகள் இறங்கினார்கள், இறங்கினார்கள், இறங்கிக்கொண்டே இருந்தார்கள். எல்லார் முகத்திலும் ஏமாற்றம். ஒரு பையன் பக்கத்தில் இருந்தவனிடம், "மச்சான், இண்டஸ்ட்ரியல் விசிட்னா மூணாறுக்குக் கூட்டிட்டுப் போவாங்கன்னுதானே சீனியர்ஸ் சொன்னாங்க?" என்றான். "மூணாறு தர்ட் இயர்லடா. ஃபர்ஸ்ட் இயர்னா இதான்" என்றான் அவன். புரொபசர் இதையெல்லாம் காதில் வாங்காமல் ஒரு பேனரை விரித்து, அதைக் கட்ட இடம் தேடிக்கொண்டிருந்தார்.

நான் புது பிரஸ்ஸுக்கு முன்னால் ஒரு ஸ்டூல் போட்டு ஏறி நின்று பேச ஆரம்பித்தேன். நான் படிக்காதது, சைக்கிளில் வேலைக்கு வந்தது, எண்ணெய் துடைத்தது, சொந்தமாக முதல் லேத்து வாங்கியது, அந்த லேத்தை வாங்காதே என்று சொன்ன என் மச்சான் இன்றைக்கு வரைக்கும் வாடகை வீட்டில் இருப்பது என்று எதையும் விடவில்லை. இன்ஜினியரிங் என்றால் என்ன என்றும் விளக்கினேன். "இன்ஜினியரிங்னா இன்னான்னா, கை! கை பேசணும். புக்கு பேசக்கூடாது. இதோ நிக்கிறாரே எங்க தம்பி, இவரு பி.இ. நான் எய்த்து. யாரு யாருக்கு வேலை குடுக்கறாங்க? பாத்துக்கோங்க!"

பிள்ளைகள் தம்பியைப் பார்த்தார்கள். தம்பி தன் ஷூவைப் பார்த்தார்.

கேள்வி கேளுங்கள் என்றேன். ஒருவன், "சார், ஃப்ரெஷருக்கு எவ்ளோ குடுப்பீங்க?" என்றான். இன்னொருவன், "மெக்கானிக்கல் படிச்சா வேலை கெடைக்குமா, இல்ல எல்லாத்தையும் ரோபோவே செஞ்சுடுமா சார்?" என்றான். மூன்றாவது பையன் கேன்டீன் எங்கே என்றான். புரொபசர் அவனை முறைத்தார். எல்லாக் கேள்விக்கும் சேர்த்து ஒரே பதிலாக என் கதையின் இரண்டாம் பகுதியைச் சொன்னேன்.

அதற்குப் பிறகு செயல்முறை விளக்கம். "இப்ப நீங்க பாக்கப் போறது இந்த ஏரியாவுலயே பெஸ்ட் மெஷின். இந்த ரெண்டு கம்பத்துக்கு நடுவுல வெளிச்சம் ஓடுது. உங்க கண்ணுக்குத் தெரியாது. நடுவுல ஒரு கை, ஒரு விரல், ஒரு துண்டுக் காகிதம் மறைச்சாக்கூட மெஷின் அசையாது. அவ்ளோ உஷாரு!" என்று சொல்லி, பூஜை முடிந்த முதல் பீஸை என் கையாலேயே அடிக்க, ஆபரேட்டர் இடத்தில் நின்று இரண்டு பொத்தானையும் சேர்த்து அழுத்தினேன்.

மெஷின் அசையவில்லை.

மறுபடி அழுத்தினேன். கம்பத்தின் உச்சியில் சின்னச் சிவப்பு விளக்கு எரிந்துகொண்டிருந்தது. கூட்டத்தில் யாரோ களுக்கென்று சிரித்தார்கள்.

தம்பி பக்கத்தில் வந்து, "ஐயா, ஒரு நிமிஷம். தனியா" என்றார்.

நான் பிள்ளைகள் பக்கம் திரும்பி, "பாத்தீங்களா? மெஷின் ஒரு நிமிஷம் நின்னாலே படிச்சவங்களுக்குக் கை காலு ஒதறுது. அனுபவஸ்தன் பதற மாட்டான்" என்றேன். தம்பி பின்வாங்கிவிட்டார்.

அனுபவஸ்தனான நான் மெஷினின் பக்கவாட்டில் இரண்டு தட்டுத் தட்டினேன். மெயின் சுவிட்சை அணைத்துப் போட்டேன். கம்ப்ரஸர் காற்றைப் பார்த்தேன். எண்ணெயைப் பார்த்தேன். பிறகு, மெஷினைக் கொடுத்த கம்பெனியின் சர்வீஸ்காரருக்குப் போன் போட்டேன். கோயம்புத்தூர்க்காரர், ரொம்ப மரியாதையாகப் பேசுவார். எல்லோருக்கும் கேட்கட்டும் என்று ஸ்பீக்கரில் போட்டேன்.

"ஏனுங்க, கம்பத்துல செவப்பு லைட்டு எரியுதுங்களா?"

"எரியுதுங்க."

"அப்ப நடுவால ஏதோ மறைக்குதுங்க. பாத்தீங்களா?"

"பாத்தாச்சு. ஒரு தூசு இல்ல. சுத்தமா கீது."

"கண்ணாடியத் தொடைச்சீங்களா?"

"தொடைக்கிறதா? பூஜையே போட்டாச்சு!"

"அட, அப்ப பெரிய ஃபால்ட்டாத்தான் இருக்கோணும். நாளைக்குக் காலையில ரயிலேறி வந்துடறனுங்க" என்று வைத்துவிட்டார்.

நாளைக்கு! மதியம் ஆள் வருகிறான், இவர் நாளைக்கு வருகிறார். மூலையில் அந்த மதுரைப் பையன்கள் வரிசையாக நின்று என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். வேலைக்குச் சேர்ந்ததிலிருந்து அவர்கள் இன்னும் ஒரு பீஸ்கூட அடிக்கவில்லை.

தம்பி மறுபடி, "ஐயா..." என்றார்.

"சும்மா இருப்பா, யோசிக்கிறேன்ல!" என்றேன்.

என் பழைய ஆபரேட்டர் ஒருவர் காதோரம் வந்து, "மொதலாளி, சென்சாரைக் கழட்டி உட்டுட்டு ஓட்டிடலாமா? நாலு பீஸுதானே?" என்றார். அவரை நான் பார்த்த பார்வையில் அவரே வாயைப் பொத்திக்கொண்டார். ஆர்டர் போனால் போகட்டும். என் ஷெட்டில் கம்பத்தைக் கழற்றிவிட்டு ஒரு பீஸ் அடிக்க விட மாட்டேன். இதில் மட்டும் அன்றைக்கும் சரி, இன்றைக்கும் சரி, நான் பெருமை அடித்துக்கொள்வதற்கு எனக்கு முழு உரிமை உண்டு.

ஆனால் அடுத்து அவர் சொன்ன யோசனை எனக்குப் பிடித்துவிட்டது. "அப்ப கண்ணுதான் மொதலாளி. இத்தினி பேரு ஒண்ணா பாத்தா மெஷினு இன்னா பண்ணும்?"

அதானே! நான் ஸ்டூலில் ஏறி, "எல்லாரும் அந்தப் பக்கம் திரும்பி நில்லுங்க. மெஷினை யாரும் பாக்கக் கூடாது!" என்று உத்தரவு போட்டேன்.

தொழிற்சாலையைப் பார்க்க வந்த பிள்ளைகள் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். புரொபசரும் திரும்பி நின்றார். நான் ஒரு எலுமிச்சம்பழத்தின்மேல் கற்பூரம் ஏற்றி மெஷினை மூன்று சுற்றுச் சுற்றினேன். ஒரு பையன் சுவரைப் பார்த்தபடியே, "சார், இது சிலபஸ்ல எந்த யூனிட்ல வருது?" என்றான். புரொபசர் சுவரைப் பார்த்தபடியே, "பேசாம இருடா" என்றார். சுற்றி முடித்து, எதற்கும் இருக்கட்டும் என்று இரண்டு கம்பத்திலும் சந்தனத்துக்கு மேலே விபூதியையும் அழுத்திப் பூசி, பொத்தானை அழுத்தினேன்.

சிவப்பு விளக்கு சிரித்தது.

அப்போதுதான் ஒரு பெண் குரல் கேட்டது. "சார், நான் ஒண்ணு கேக்கட்டுமா? தப்பா எடுத்துக்கிடாதீய."

வரிசையின் கடைசியில் நின்ற பெண். அவள் நின்ற இடத்தில் சுவர் கிடையாது. வரிசை வளைந்து மெஷினின் மறுபக்கம் வரை போயிருந்ததால், நான் காட்டிய பக்கம் திரும்பியபோது அவளுக்கு எதிரே கம்பம்தான். அதையே ரொம்ப நேரமாகப் பார்த்துக்கொண்டு இருந்திருக்கிறாள். பேச்சிலேயே திருநெல்வேலிப் பக்கம் என்று தெரிந்தது.

"கேளும்மா."

"எங்கூர்ல அம்மனுக்குச் சந்தனக்காப்பு போடுவாவ. உடம்பு முழுக்கச் சந்தனம்தான். ஆனா கண்ண மட்டும் விட்டுட்டுத்தான் பூசுவாவ. கண்ணயும் சேத்துப் பூசிட்டா அம்மன் எப்படிப் பாப்பா? இந்தக் கம்பத்துக்கு அந்தக் கண்ணாடிதான் கண்ணுன்னா..."

அவள் முடிக்கவில்லை. முடிக்க வேண்டிய அவசியமும் இல்லை. ஒரு துண்டுக் காகிதம் மறைத்தாலே அசையாது என்று சற்றுமுன் ஸ்டூலில் ஏறி நின்று நான்தான் சொன்னேன். அதே கண்ணை நானே சந்தனத்தால் மெழுகி, குங்குமம் வைத்து, போதாதென்று விபூதியும் அப்பியிருக்கிறேன்.

"தொடைங்கப்பா" என்றேன்.

ஒருத்தரும் அசையவில்லை. பழைய ஆபரேட்டர் மேலே கூரையைப் பார்த்தார். மதுரைப் பையன்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். நான் வைத்த பொட்டில் கை வைத்தால் என்ன ஆகும் என்பது நேற்று சேர்ந்தவர்களுக்குக்கூடச் சொல்லிக்கொடுக்கப்பட்டிருந்தது! சரி, நானே துடைக்கலாம் என்று துணிக்காகத் திரும்பினால், தம்பி பக்கத்தில் நிற்கிறார். அவர் கையில் சுத்தமான வேஸ்ட் துணி நாலாக மடித்துத் தயாராக இருக்கிறது. கசங்கியிருந்ததைப் பார்த்தால் காலையிலிருந்தே அதைக் கையில் பிடித்துக்கொண்டிருந்தார் போல.

"உனக்குத் தெரியுமா?" என்றேன் மெதுவாக.

"செவப்பு லைட் எரிஞ்சப்பவே தெரியும் ஐயா."

"ஏம்பா சொல்லல?"

"சொல்ல வந்தேன். கை காலு ஒதறுதுன்னு சொல்லிட்டீங்க."

துணியை வாங்கி, இரண்டு கம்பத்தையும் மேலிருந்து கீழ்வரை நானே துடைத்தேன். நுனி இல்லாத விரலால் கண்ணாடிக் கோட்டில் ஒட்டியிருந்த கடைசிக் குங்குமத்தைச் சுரண்டி எடுத்ததும் சிவப்பு அணைந்து பச்சை வந்தது. பொத்தானை அழுத்தினேன். 'டம்' என்று இறங்கியது பாருங்கள், அந்தச் சத்தம் எனக்கு நாதஸ்வரமாகக் கேட்டது. பிள்ளைகள் விசில் அடித்தார்கள். மூணாறு போயிருந்தால்கூட அவ்வளவு சந்தோஷப்பட்டிருக்க மாட்டார்கள்.

கதை இதோடு முடிந்திருந்தால் எனக்குக் கொஞ்சம் மானமாவது மிஞ்சியிருக்கும். முதல் நாலைந்து பீஸ் விழுந்த நேரத்தில் செக்யூரிட்டி ஓடி வந்து, சாம்பிள் பார்க்கிறவர்களின் கார் கேட்டுக்குள் வந்துவிட்டது என்றார். சொன்ன நேரத்துக்கு முன்னாலேயே வந்துவிட்டார்கள். நான் சூடு ஆறாத பீஸ்களை அள்ளிக்கொண்டு ஆபீஸ் பக்கம் ஓடப் பார்த்தேன்.

"ஐயா, அதைக் குடுக்காதீங்க."

தம்பியின் குரல்தான். ஆனால் அந்தக் குரலை நான் அதுவரைக்கும் கேட்டதில்லை. ஆட்கள், பிள்ளைகள், புரொபசர் எல்லோர் எதிரிலும் சொல்கிறார்.

"இன்னாப்பா?"

"பூஜைக்கு டையைக் கழட்டி மாட்டினோம்ல? ஒரு பக்கம் லேசா நகர்ந்திருக்கு. ஓரத்துல பிசிறு பாருங்க. டையை மறுபடி செட் பண்ணித்தான் அடிக்கணும்."

"யோவ், அவங்க வந்துட்டாங்கய்யா! இந்தப் பிசிறெல்லாம் யாரு பாக்கப் போறா? ஒரு அரம் போட்டுத் தேச்சுக் குடு."

"தேச்சா சாம்பிள் பாஸாயிடும் ஐயா. அப்புறம் ஆயிரக்கணக்குல அடிக்கும்போது எல்லாத்தையும் யாரு தேய்ப்பா? இது சீட்டுக்கு அடியில போறது. சீட்டைத் தள்ளறதுக்குக் கையை விட்டாங்கன்னா அறுத்துடும்."

வாயைத் திறந்தேன். திட்டுவதற்குத்தான் திறந்தேன். ஆனால் பேசிக்கொண்டே பீஸின் ஓரத்தை மொட்டை விரலால் தடவியும் பார்த்துவிட்டேன். சுரீர் என்றது. மெஷினால் விரல் போனவனுக்கு அதற்குமேல் விளக்கம் வேண்டியதில்லை. வாயை மூடிக்கொண்டேன்.

"எவ்ளோ நேரம் ஆகும்?"

"முக்கால் மணி நேரம்."

"அதுவரைக்கும் அவங்களை இன்னா பண்றது?"

தம்பி ஸ்பேனரைக் கையில் எடுத்துக்கொண்டார். "நீங்க பேசுங்க ஐயா" என்றார்.

என் ஷெட் ஆள் ஒருவர் என்னைப் பேசச் சொல்லிக் கேட்டது அதுதான் முதல் தடவை.

போனேன். வந்திருந்தவர்கள் இரண்டு பேர். கழுத்தில் அடையாள அட்டை, கையில் லேப்டாப், முகத்தில் அவசரம். சாம்பிள் ரெடியா என்றார்கள். "ரெடியாயிகினே கீது. அதுக்குள்ள காபி சாப்பிடுங்க" என்று சொல்லி, சைக்கிளில் வேலைக்கு வந்ததிலிருந்து தொடங்கினேன். பிள்ளைகளிடம் சுருக்கமாகச் சொன்ன இடங்களையெல்லாம் இவர்களிடம் விரிவாகச் சொன்னேன். என் மச்சானுக்கு மட்டும் தனியாகக் கொஞ்ச நேரம் எடுத்துக்கொண்டேன். நடுவில், அவர்கள் இரண்டு பேரில் பெரியவர், "சார், சாம்பிள்..." என்று இரண்டு தடவை எழுந்தார். "லேத்து வந்து எறங்கின அன்னிக்கு மழை பாருங்க, லாரி சேத்துல மாட்டிக்கிச்சு" என்று நான் ஆரம்பித்ததும், லாரியைச் சேற்றில் விட்டுவிட்டு எப்படிப் போவது என்று உட்கார்ந்துவிட்டார்.

பேசிக்கொண்டே கண்ணாடி வழியாக ஷெட்டைப் பார்த்தேன். தம்பி டையின் போல்ட்டுகளைத் தளர்த்தி, மெலிதான தகடு கொடுத்து அளவு பார்த்து, மறுபடி முடுக்கிக்கொண்டிருந்தார். அவரைச் சுற்றிப் பிள்ளைகள் நெருக்கியடித்துக்கொண்டு நின்றார்கள். கேன்டீன் கேட்ட பையன் டார்ச் பிடித்துக்கொண்டிருந்தான். தம்பி வேலையை நிறுத்தாமல் ஏதோ சொல்லிக்கொண்டே இருந்தார். இந்த அச்சை வரைகிறது ஒருவருடைய வேலை, கம்பத்துக்குள் ஓடுகிற வெளிச்சம் இன்னொரு படிப்பு, அது மெஷினை நிறுத்துகிற புரோகிராம் வேறொரு படிப்பு, இரும்பு எதனால் கிழிகிறது என்பது தனிப் படிப்பு, எல்லாம் சரியாக இருக்கிறதா என்று பார்த்து வேண்டாம் என்று சொல்வது ஒரு வேலை என்று சொன்னாராம். புரொபசர் பிறகு சொன்னார். ஸ்டூலில் ஏறி நின்று நான் அவ்வளவு நேரம் பேசியும், ஒரு பிள்ளை போனைக் கீழே வைக்கவில்லை. தரையில் மண்டியிட்டபடி அவர் பேசியதை எல்லோரும் கேட்டார்கள்.

கடைசியில் தம்பி சாம்பிளைக் கொண்டுவந்து மேஜைமேல் வைத்தார். வந்தவர்கள் அளந்தார்கள், ஓரத்தைத் தடவினார்கள், புரட்டினார்கள். பெரியவர் தலையை ஆட்டி, "ரொம்ப நீட்டா இருக்கு சார். ஆர்டரை உங்களுக்கே போட்டுடறோம்" என்றார். வாசலில் காரில் ஏறும்போது, "அடுத்த சாம்பிளை கூரியர்ல அனுப்பிடுங்க சார். நாங்க நேர்ல வரணும்னு இல்ல" என்றார். என் வேலையின்மேல் அவ்வளவு நம்பிக்கை வந்துவிட்டது என்று நினைத்துக்கொண்டேன். அது காரணம் இல்லை என்கிறார் தம்பி.

பஸ் கிளம்புவதற்கு முன்னால் அந்தத் திருநெல்வேலிப் பெண்ணைக் கூப்பிட்டு, "படிச்சு முடிச்சதும் நேரா இங்க வந்துடும்மா. வேலை ரெடியா இருக்கும். உனக்கு மெஷினோட கண்ணு தெரியுது" என்றேன். "நான் கம்ப்யூட்டர் சயின்ஸ் சார்" என்றாள். இருக்கட்டும், மெஷினுக்கும் கம்ப்யூட்டர் உண்டு என்றேன். யோசித்துச் சொல்கிறேன் என்று அவள் போனது எனக்குக் கொஞ்சம் உறுத்தல்தான். என்னிடம் யாரும் யோசித்துச் சொல்கிறேன் என்று சொன்னதில்லை.

போன வருஷமும் அதே புரொபசர் போன் செய்தார். இந்தத் தடவை உங்கள் இன்ஜினியர் பேசினால் போதும், நீங்கள் வரவேற்புரை மட்டும் சொல்லுங்கள் என்றார். வரவேற்புரையையே நான் அரை மணி நேரம் சொன்னேன் என்பது வேறு விஷயம். மதுரைப் பையன்கள் இப்போது இரண்டு ஷிப்ட் ஓட்டுகிறார்கள். ஆயுத பூஜைக்கு நான்தான் பொட்டு வைக்கிறேன், ஆனால் எங்கே வைக்கலாம் என்று தம்பி முதலில் சாக்பீஸால் வட்டம் போட்டுக் கொடுத்துவிடுகிறார். வட்டத்தைத் தாண்டினால் நேராகவே சொல்லிவிடுகிறார்.

இன்ஜினியரிங் என்றால் கை என்று அன்றைக்குப் பிள்ளைகளிடம் சொன்னேன். இப்போது யாராவது கேட்டால், முதலாளியின் முகத்தைப் பார்க்காமல் மெஷினின் முகத்தைப் பார்த்துப் பேசுகிறவன்தான் இன்ஜினியர் என்கிறேன். அப்படி ஒருவர் பேசும்போது குறுக்கே பேசாமல் கேட்டுக்கொள்வது அதைவிடக் கஷ்டமான வேலை. அதை எந்தக் காலேஜும் சொல்லித்தருவதில்லை. இந்த வயதில், யார் தயவும் இல்லாமல், நானே கற்றுக்கொண்டு வருகிறேன்.